விசிறியின் வரலாறு: மொறிஸ் மைனர், வெயில், மண்ணெண்ணெய்

யாழ்ப்பாணத்துப் பழைய கார்கள் பற்றி எழுதப்படுகிற எதை எடுத்து வாசிச்சாலும் ஒரே மாதிரித்தான் இருக்கும். ஒஸ்ரின் ஏ-40, மொறிஸ் மைனர், மொறிஸ் ஒக்ஸ்போர்ட் எண்டு பெயர்கள் வரும். பளபளக்கிற குரோமியம் வரும். கலியாண வீட்டுப் படம் ஒண்டு வரும். ‘அந்தக் காலத்து இரும்பு’ எண்டு ஒரு வசனம் வரும். அதோட முடிஞ்சுது. பொனற்றைத் திறந்து காட்டுற படம் மட்டும் வராது.

இந்தக் கட்டுரை பொனற்றுக்குக் கீழே இருக்கிற ஒரேயொரு சாமானைப் பற்றியது. ரேடியேற்றருக்குப் பின்னால் சுத்துகிற விசிறி. எங்கட மெக்கானிக்மாரின் பேச்சில் ‘ஃபான்’. சின்னப் பழைய கார் ஒன்றுக்கு எந்த ஃபானைப் போடுவது எண்டது ஒரு கராச்சுக் கேள்விதான். ஆனால் அதைக் கொஞ்சம் கிண்டினால் வேறு கேள்விகள் வெளியில வரும். இந்த இயந்திரம் எந்த நாட்டு வெயிலை மனதில் வைத்துச் செய்யப்பட்டது? அந்த வெயிலைவிட்டு வேறு வெயிலுக்கு வந்தபோது அதை யார், எப்பிடிச் சமாளித்தார்கள்? அந்தச் சமாளிப்பும் காரின் வரலாறா, இல்லையெண்டா தொழிற்சாலையில் இருந்து வெளிவந்த நாளோட வரலாறு முடிஞ்சுதா?

வெப்பம் எங்கே போறது?

பெற்றோல் எஞ்சின் ஒன்று தான் குடிக்கிற எரிபொருளின் சக்தியில் பொதுவாக ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கைத்தான் ஓட்டமாக மாற்றும். பழைய எஞ்சின்கள் அதையும்விடக் குறைவு. மிச்சத்தில் ஒரு பெரிய பகுதி புகையோடு சைலன்சர் வழியே போகும். இன்னொரு பெரிய பகுதி எஞ்சினின் இரும்பைச் சூடாக்கும். அந்தச் சூட்டை வெளியேற்றாவிட்டால் எண்ணெய் தன் வழுவழுப்பை இழக்கும், பிஸ்டன் இறுகும், கதை முடியும்.

1886 இல் கார்ல் பென்ஸ் காப்புரிமை பெற்ற மூன்று சில்லு வண்டியில் இதுக்கு வழி மிக எளிமையானது. எஞ்சினைச் சுற்றித் தண்ணீர். தண்ணீர் கொதித்து ஆவியாகிப் போகும்போது சூட்டையும் கொண்டு போகும். ஓடுறவர் போற வழியில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருக்க வேணும். வில்ஹெல்ம் மைபாக் வடிவமைத்த 1901 ஆம் ஆண்டு மெர்சிடிஸ் 35 குதிரைவலுக் காரில்தான் நாங்கள் இண்டைக்குக் காண்கிற அமைப்பு வந்தது: தேன்கூடு போன்ற ரேடியேற்றர். பக்கத்துக்கு 6 மில்லிமீற்றர் அளவுள்ள 8,070 சின்னச் சதுரக் குழாய்கள். அதன் பின்னால் ஒரு சிறிய விசிறி. கார் மெதுவாகப் போகும்போது காற்றுப் போதாமல் போகக்கூடாது என்பதற்காகவே அந்த விசிறி வைக்கப்பட்டது.

கடைசி வசனத்தை நினைவில வச்சிருங்கோ. விசிறி தேவைப்படுவது கார் மெதுவாகப் போகும்போதும் நிற்கும்போதும்தான். கார் வேகமாகப் போகையில் முன்னால் இருந்து வரும் காற்றே போதும். ஆனால் அடுத்த அறுபது எழுபது வருடங்களாக அநேகமான கார்களில் விசிறியைச் சுற்றியது எஞ்சினோடு கட்டப்பட்ட பெல்ற். எஞ்சின் வேகமாகச் சுற்றினால் விசிறியும் வேகமாகச் சுற்றும். எஞ்சின் மெதுவானால் விசிறியும் மெதுவாகும். அதாவது தேவையில்லாத நேரத்தில் பெரும் காற்று. தேவைப்படுகிற நேரத்தில் இளங்காற்று.

இதற்கு ஒரு கணக்கும் உண்டு. விசிறி தள்ளும் காற்றின் அளவு அதன் வேகத்தோடு நேராகக் கூடும். ஆனால் அதைச் சுற்றத் தேவையான சக்தி வேகத்தின் மும்மடிப்படி கூடும். வேகம் இரண்டு மடங்கானால் சக்தி எட்டு மடங்கு. நான்கு மடங்கானால் 64 மடங்கு. மொத்தமே முப்பது குதிரைவலு உள்ள ஒரு சின்னக் காருக்கு இது லேசான செலவு இல்லை. பெல்ற் விசிறியின் முழு வரலாறும் இந்த முரண்பாட்டோடு மல்லுக்கட்டின வரலாறுதான்.

1948: சுதந்திரமும் மைனரும்

1948 பெப்ரவரியில் இலங்கை சுதந்திரம் பெற்றது. அதே வருடம் ஒக்டோபரில் லண்டன் ஏர்ள்ஸ் கோர்ட் மோட்டார் கண்காட்சியில் மொறிஸ் மைனர் அறிமுகமானது. வடிவமைத்தவர் அலெக் இசிகோனிஸ். கம்பனி முதலாளி நஃபீல்ட் பிரபு அதைப் பார்த்து, அவித்த முட்டை மாதிரி இருக்கெண்டு நக்கலடிச்சவர். அந்த முட்டைதான் பத்து இலட்சம் எண்ணிக்கையைத் தொட்ட முதலாவது பிரித்தானியக் கார்.

யுத்தம் முடிந்த பிரித்தானியா அப்போது கடனில் மூழ்கியிருந்தது. உருக்கு பங்கீட்டில் கிடைத்தது. கார்களை வெளிநாட்டுக்கு அனுப்பி அந்நியச் செலாவணி கொண்டுவரும் கம்பனிகளுக்கே உருக்கு முன்னுரிமையாகக் கொடுக்கப்பட்டது. அதனால்தான் அந்த வருடங்களின் பிரித்தானியக் கார்கள் அவுஸ்திரேலியா, தென்னாபிரிக்கா, மலாயா, இலங்கை எண்டு எல்லா இடமும் போய்ச் சேர்ந்தன. சாம்ராச்சியம் சுருங்கிக்கொண்டிருந்த காலத்தில் அதன் கார்கள் பரவிக்கொண்டிருந்தன.

முதல் மைனரில் இருந்தது 918 சிசி எஞ்சின். அதில் வோட்டர் பம்ப்பே இல்லை. சூடான தண்ணீர் மேலே எழும், குளிர்ந்த தண்ணீர் கீழே இறங்கும் எண்ட இயற்கை விதியை நம்பியே தண்ணீர் சுற்றியது. போட்டின் மொடல் ரீ, ஒஸ்ரின் செவன் போன்ற கார்களும் இந்த வழியைத்தான் பாவித்தன. குளிர் நாட்டில் இது போதும். 1952 இல் மொறிசும் ஒஸ்ரினும் பி.எம்.சி. எண்ட ஒரே கம்பனியாகச் சேர்ந்த பிறகு, ஒஸ்ரின் ஏ-30 காருக்காகச் செய்யப்பட்ட 803 சிசி எஞ்சின் மைனருக்குள் வந்தது. இதுதான் ‘ஏ வரிசை’ எஞ்சினின் தொடக்கம். இதில் வோட்டர் பம்ப் உண்டு. அந்தப் பம்ப்பின் முன்பக்கத்திலேயே விசிறியும் பூட்டப்பட்டது. ஒரே பெல்ற் டைனமோவையும் பம்ப்பையும் விசிறியையும் சுற்றியது. பெல்ற் அறுந்தால் மூன்றும் போச்சு.

இன்னொரு விசயம், இதைப் பின்னால் திரும்ப எடுக்கப் போறன். 1939 இல் இருந்து 1953 தொடக்கம் வரை பிரித்தானியாவில் தனித்தனிக் கம்பனிப் பெற்றோல் இல்லை. எல்லாவற்றையும் ஒன்றாகக் கலந்த ‘பூல்’ பெற்றோல்தான். அதன் ஒக்டேன் 70க்கு அண்மித்தது. நாங்கள் இண்டைக்கு அடிக்கிறது 92 அல்லது 95. அப்படிப்பட்ட மட்டமான பெற்றோலில் தட்டுப்பாடில்லாமல் ஓட வேணும் என்பதற்காக, 803 சிசி எஞ்சினின் அமுக்க விகிதம் 7.2க்கு 1 எண்டு தாழ்வாக வைக்கப்பட்டது.

மினி: பக்கவாட்டில் ஒரு ரேடியேற்றர்

1956 எண்டால் எங்களுக்கு நினைவு வருவது தனிச்சிங்களச் சட்டம். பிரித்தானியருக்கு அது சூயஸ் கால்வாய் நெருக்கடி. எண்ணெய்க் கப்பல்கள் தடைப்பட்டன. பெற்றோல் பங்கீட்டுக்கு வந்தது. குறைவாகக் குடிக்கிற சின்னக் கார் ஒன்று உடன வேணும் எண்டு பி.எம்.சி. தலைவர் லெனார்ட் லோர்ட் இசிகோனிசிடம் கேட்டார். 1959 ஓகஸ்டில் மினி வந்தது.

நீளம் சுமார் 3 மீற்றர்தான். அதுக்குள் நாலு பேரை இருத்த இசிகோனிஸ் எஞ்சினைக் குறுக்கே வைத்தார். கியர்ப் பெட்டியை எஞ்சினுக்குக் கீழே வைத்தார். இப்ப விசிறிக்குச் சிக்கல் வந்தது. எஞ்சின் குறுக்கே கிடந்தால் அதன் முனை காரின் பக்கத்தைப் பார்க்கும். பெல்ற்றால் சுற்றப்படும் விசிறியும் பக்கத்தைத்தான் பார்க்கும். ஆகவே ரேடியேற்றரும் பக்கத்துக்குப் போனது. மினியின் ரேடியேற்றர் இடது முன் சில்லுக்கு மேலே, மட்காட்டின் உட்பக்கத்தோடு ஒட்டி நிற்கும். விசிறி எஞ்சின் அறைக்குள் இருக்கிற காற்றை எடுத்து, ரேடியேற்றர் ஊடாக, சில்லுப் பக்கமாக வெளியே தள்ளும். எஞ்சினின் சூட்டை வாங்கிய காற்றால்தான் எஞ்சினைக் குளிர்விக்க வேண்டியிருந்தது. முன்காற்று நேராக அடிக்காத இடமும் அது. எனவே மினியில் விசிறி மைனரைவிடக் கூடுதலாக வேலை செய்ய வேண்டியிருந்தது.

மினியின் விசிறிகளை வரிசையாக அடுக்கி வைத்தால் ஒரு சின்ன வரலாறே கிடைக்கும். முதலில் நாலு இதழ் கொண்ட தகட்டு விசிறி. வெப்ப நாடுகளுக்கு ஆறு இதழ் விசிறி. அதைக் கார்க்காரர் ‘ட்ரொப்பிக்கல் ஃபான்’ எண்டு சொல்லுவினம். பிறகு இரைச்சலைக் குறைக்க 16 சின்ன இதழ்கள் கொண்டது. பிறகு பிளாஸ்ரிக். ஆறு இதழ் விசிறி கூடுதல் காற்றைத் தரும், கூடுதலாக இரையும், கூடுதல் சக்தியையும் தின்னும். அந்தச் சொல்லைக் கொஞ்சம் பாருங்கோ. இங்கிலாந்தில் போட்டது வெறும் ‘ஃபான்’. எங்களுக்கு வந்தது ‘ட்ரொப்பிக்கல்’. அளவுகோல் அவர்களுடைய வெயில். எங்கட வெயில் ஒரு விசேட நிலைமை, உதிரிப்பாகப் பட்டியலில் தனியாக ஒரு வரி.

மற்ற நாடுகளில் வேறு வழிகள் தேடினார்கள். 1960 இல் வந்த பேஜோ 404 இல் தண்ணீர் போதிய சூடு ஏறாதவரை விசிறி பெல்ற்றோடு சேராமல் சும்மா கிடக்கும். சூடேறியதும் மின்காந்தம் அதைப் பிடித்துச் சேர்க்கும். 1969 இல் இத்தாலியில் டான்டே ஜியாகோசா வடிவமைத்த பியற் 128 வந்தது. மினியைப் போலவே குறுக்கே வைத்த எஞ்சின். ஆனால் ரேடியேற்றர் முன்னுக்கு. விசிறிக்குத் தனி மின் மோட்டார். தண்ணீரின் சூட்டைப் பார்த்து ஒரு சுவிட்ச் அதைப் போடும், நிறுத்தும். அறுபது எழுபது வருட முரண்பாடு அதோட தீர்ந்தது: எஞ்சின் என்ன வேகத்தில் சுற்றினாலும் விசிறி தேவைக்கு மட்டும் சுற்றும். இண்டைக்கு றோட்டில் போகிற அநேகமான சின்னக் கார்கள் பியற் 128 இன் பிள்ளைகள்தான். மினிகூட 1996 இல் ஐரோப்பிய இரைச்சல் சட்டங்களுக்காக ரேடியேற்றரை முன்னுக்குக் கொண்டுவந்து மின் விசிறி பூட்டியது. நாலு வருடத்தில் மினியின் உற்பத்தியும் நின்றது.

தடைக்காலத்து எஞ்சின்

1960களில் அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டால் இலங்கையில் கார் இறக்குமதி கடுமையாக இறுக்கப்பட்டது. இருந்ததை வைத்துக் காலந்தள்ள வேண்டிய நிலைமை. 1977க்குப் பிறகு தெற்கில் ஜப்பான் கார்கள் நிறைந்தன. வடக்கில் போர் தொடங்கியதால் ஐம்பதுகளின் பிரித்தானியக் கார்களே தொடர்ந்தும் வாடகைக்கு ஓடின, பிள்ளைத்தாய்ச்சிகளை ஆசுப்பத்திரிக்குக் கொண்டு போயின.

1990 யூனில் மீண்டும் போர் மூண்டதும் மின்சாரம் நின்றது. பொருளாதாரத் தடை வந்தது. பெற்றோல் தங்கம் மாதிரி ஆனது. சனம் ஜாம் போத்தலில் விளக்குச் செய்தது; சைக்கிளைக் கவிட்டு டைனமோவைச் சுத்தி ரேடியோ கேட்டது. கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. கபரேற்றருக்குள் கொஞ்சம் பெற்றோல் விட்டு ஸ்ராட் பண்ணுவது, எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவது. இந்தக் கதை எங்கட எல்லா வீட்டிலையும் இருக்கு. ஆனால் அது ஏன் முடிந்தது எண்டு ஒருத்தரும் கேட்கிறேல்லை.

ஒரு பாதி விடை அந்த ‘பூல்’ பெற்றோலில் இருக்கிறது. மண்ணெண்ணெயின் ஒக்டேன் மிகவும் தாழ்வு. புதுக் காருக்குள் விட்டால் எஞ்சின் தட்டித் தட்டியே செத்துவிடும். 1940களின் பஞ்சத்தில் இருந்த பிரித்தானியாவுக்காகத் தாழ்ந்த அமுக்கத்தில் செய்யப்பட்ட எஞ்சின், 1990களின் தடைக்குள் இருந்த யாழ்ப்பாணத்தில் மண்ணெண்ணெயைக் குடித்து மூச்சு விட்டது. ஒரு பஞ்சத்துக்குச் செய்தது இன்னொரு பஞ்சத்துக்கு உதவியது. அதைச் செய்தவர்கள் இப்படி ஒரு நாளை நினைத்திருக்க மாட்டார்கள்.

மற்றப் பாதி விடை சூட்டில் இருக்கிறது. மண்ணெண்ணெய் பெற்றோலைப் போல இலகுவில் ஆவியாகாது. எஞ்சின் நல்ல சூடாக இருந்தால்தான் ஒழுங்காக எரியும். குளிர்ந்த எஞ்சினில் எரியாத மண்ணெண்ணெய் பிஸ்டன் ஓரமாக வழிந்து இறங்கி எஞ்சின் ஒயிலோடு கலந்து அதைத் தண்ணியாக்கிவிடும். இது யாழ்ப்பாணத்தில் கண்டுபிடித்த விசயம் இல்லை. எங்கட வயல்களில் ஓடுகிற மசி டிராக்டரின் முன்னோர், பெர்குசன் டீ.ஈ-20. அதில் மண்ணெண்ணெய் வகை எரிபொருளில் ஓடுற ஒரு மாதிரியும் இருந்தது. அப்படிப்பட்ட டிராக்டர்களை பெற்றோலில் ஸ்ராட் பண்ணி, சூடேறியதும் மாற்றுவார்கள். ரேடியேற்றருக்கு முன்னால் ஒரு மறைப்பையும் இறக்கிச் சூட்டைப் பிடித்து வைப்பார்கள். எங்கட மாமா சொல்லுறபடி அம்மப்பாவும் இதைத்தான் செய்திருக்கிறார்: மைனரின் ரேடியேற்றருக்கு முன்னால் ஒரு சாக்குத்துண்டு. வெப்ப நாட்டுக்கு எண்டு கூடுதல் காற்றுத் தேடின காரில், காற்றை மறிச்சுக் கட்டின காலம் அது.

ஆனால் அதே கார் ஒரு இரவில் முழுக் காற்றுக்கும் தவித்தது. 1995 ஒக்டோபர் 30, வலிகாமம் இடம்பெயர்ந்த இரவு. யாழ்ப்பாணத்தில் இருந்து சாவகச்சேரிக்கு ஏறத்தாழ 15 கிலோமீற்றர்தான். லட்சக்கணக்கான சனம் அந்த ஒரு பாதையில். மழை. சைக்கிள், மாட்டுவண்டி, லான்ட்மாஸ்டர், தலையில் பெட்டி. அம்மாவுக்கு அப்ப 14 வயது. அம்மம்மாவுக்கு நடக்க ஏலாது, அதனால் அம்மம்மாவும் சின்னப் பிள்ளைகளும் காருக்குள். மற்ற எல்லாரும் காரோடு நடை. கார் நடையைவிட மெதுவாகத்தான் போனதாம்.

எஞ்சின் மெதுவாகச் சுற்றும்போது பெல்ற் விசிறியும் மெதுவாகச் சுற்றும் எண்டு மேலே எழுதினன். புத்தகத்தில் அது ஒரு வளைகோடு. அந்த இரவில் அது, நாவற்குழிப் பக்கம் ரேடியேற்றர் கொதித்த ஒரு கார். சாக்குத்துண்டைக் கழற்றி எறிந்திட்டு, எஞ்சினை நிறுத்துறது, ஆற விடுறது, றோட்டோரத் தண்ணியை ஊத்துறது, திரும்ப ஸ்ராட் பண்ணுறது, ஒரு நூறு யார் போறது. ஸ்ராட் பண்ண வச்சிருந்த ஒரு போத்தல் பெற்றோல் குறைஞ்சுகொண்டு போனதுதான் அம்மப்பாவின் பெரிய பயமாம். விடியச் சாவகச்சேரிக்குப் போய்ச் சேர்ந்தார்கள். எஞ்சின் தப்பியது. வடிவமைப்பாளன் வரைந்த விசிறியை உண்மையில் பரீட்சித்துப் பார்த்தது ஏர்ள்ஸ் கோர்ட் கண்காட்சி இல்லை, இப்படிப்பட்ட இரவுகள்தான்.

இப்ப எதைப் போடுறது?

அந்தக் கார் இப்ப மாமாவிடம். 803 சிசி மைனர். கலியாணத்துக்கும் கோயிலுக்கும் போகும். கஸ்தூரியார் வீதி நெரிசலில் வெப்பமானி மேலே ஏறும். மச்சான், மாருதி ஒன்றில் இருந்து கழற்றிய மின் விசிறியைப் பூட்டுவம் எண்டுறான். மாமாவோ, கம்பனி போட்டதில கை வைக்கக் கூடாது தம்பி எண்டுறார். இரண்டு பேருக்கும் இடையில், படிச்ச வரலாற்றை வைத்து ஒரு பதில் சொல்ல முயற்சி செய்தன். அது இதுதான்.

முதல் விசயம், விசிறியைப் பற்றி யோசிக்க முன்னர் தண்ணியைப் பற்றி யோசிக்க வேணும். யாழ்ப்பாணம் சுண்ணாம்புக்கல் மேல் இருக்கிற ஊர். எங்கட கிணற்றுத் தண்ணியில் கேத்திலின் அடியில் வெள்ளையாகப் படியிறதைப் பார்த்திருப்பீங்கள். அதே படிவு எழுபது வருடமாக ரேடியேற்றரின் குழாய்களுக்குள்ளும் படிந்திருக்கும். அடைபட்ட குழாய்க்கு முன்னால் எந்த விசிறியைப் பூட்டியும் பலன் இல்லை. ரேடியேற்றரைக் கழற்றி உள்ளே சுத்தம் செய்து, இனிமேல் கிணற்றுத் தண்ணி விடாமல், காய்ச்சி வடித்த தண்ணியோடு கூலன்ற் கலந்து விடுறதுதான் முதல் வேலை. பெல்ற்றின் இறுக்கம், தேர்மோஸ்ரற், எஞ்சின் ரைமிங், ரேடியேற்றர் மூடியின் றப்பர் எல்லாவற்றையும் அதோட பார்க்க வேணும். மூடி சின்ன விசயம் இல்லை. 7 இறாத்தல் அழுத்தம் பிடிக்கிற மூடி நல்லபடி இருந்தால் தண்ணீர் 100 பாகையில் இல்லாமல் 111 பாகையளவில்தான் கொதிக்கும்.

இரண்டாவது, இருக்கிற விசிறிக்குச் சரியான உறை. ரேடியேற்றர் சதுரம், விசிறி வட்டம். சுற்றிவர ஒரு தகட்டு உறை இல்லையெண்டால் விசிறி தன் முன்னால் உள்ள வட்டத்துக்குள் மட்டும் காற்றை இழுக்கும். ஓரங்களில் காற்றுத் திரும்பிச் சுழலும். மெதுவான ஓட்டத்தில் உறை தருகிற பலனைச் சிலவேளை கூடுதல் இதழ்கூடத் தராது. உறை அடிக்கிறது ஒரு தகட்டு வேலைக்காரரின் அரை நாள் வேலை. பழைய தகட்டு விசிறியின் இதழ்கள் அடியில் வெடித்திருக்கா எண்டும் பார்க்க வேணும். சுற்றும்போது ஒரு இதழ் பறந்தால் ரேடியேற்றரையோ ஆளையோ பதம் பார்க்கும்.

மூன்றாவது, மின் விசிறி. இங்கதான் மச்சானோட கணக்குப் பார்த்தம். பத்து அங்குல மின் விசிறி ஒன்று சுமார் 8 அம்பியர் இழுக்கும். இரண்டு ஹெட்லைற்றும் சேர்த்து 7, 8. இக்னிஷன் 3க்கு மேலே. வைப்பர், பின்லைற் எல்லாம் சேர்ந்து இன்னொரு 4. மழை இரவில் கூட்டினால் 22, 23 அம்பியர். அந்தக் காரின் லூகாஸ் சி-39 டைனமோ தரக்கூடிய உச்சம் 19. பின்னால் வந்த சி-40 கூட 22தான். அதுவும் எஞ்சின் நல்ல வேகத்தில் சுற்றினால். நெரிசலில் எஞ்சின் சும்மா இரைஞ்சு நிற்கும்போது டைனமோ அநேகமாக ஒண்டும் தராது. மின் விசிறி தேவைப்படுற அந்த நேரத்தில் அதுக்குக் கரண்ட் கொடுக்கிறது பற்றரி மட்டும். பெல்ற் விசிறியின் பழைய முரண்பாடு ஒழியாது. விசிறியை விட்டு டைனமோவுக்குள் போய்க் குந்தும்.

இதைவிட, மைனரில் பொடிக்கு இணைக்கப்பட்டிருப்பது பற்றரியின் பிளஸ் முனை. இப்பத்தைய கார்களில் மைனஸ். மாருதியின் விசிறியை அப்பிடியே யோசிக்காமல் இணைத்தால் அது எதிர்ப்பக்கம் சுற்றும். காற்று ரேடியேற்றரில் இருந்து எஞ்சினுக்குப் போகாமல் எஞ்சினில் இருந்து ரேடியேற்றருக்கு வரும். சுத்துறதைப் பார்த்து எல்லாம் சரியெண்டு நினைச்சிருப்பம்.

ஆகவே மின் விசிறி எண்டால் முதலில் ஓல்ரனேற்றர், மைனஸ் இணைப்பு, தனி ரிலே, தனி ஃபியூஸ். பிறகு, ரேடியேற்றருக்குப் பின்னால் நின்று இழுக்கிற விசிறி. முன்னால் நின்று தள்ளுகிற வகை, ஓடும்போது வாற காற்றையும் ஓரளவுக்கு மறைக்கும். ரேடியேற்றரின் குழாய்களுக்கு ஊடாகக் கம்பி கோர்த்துக் கட்டாமல், தனிச் சட்டம் அடித்துப் பூட்ட வேணும். கொழும்பு நெரிசலிலோ மலையகத்து ஏற்றங்களிலோ தினமும் ஓட்டுகிற காருக்கு இந்தச் செலவு நியாயம். ஏற்றமே இல்லாத யாழ்ப்பாணத்தில் மாதம் இரண்டு தரம் ஓடுகிற காருக்கு, சுத்தமான ரேடியேற்றரும் உறையோடு கூடிய பழைய விசிறியும் போதும்.

‘அசல்’ எண்டா என்ன?

மாமாவின் முடிவோடு ஒத்துப்போறன், ஆனால் அவர் சொல்லுற காரணத்தோடு இல்லை. கம்பனி போட்டது புனிதம் எண்டால் அந்தக் காரில் புனிதம் ஒண்டும் மிச்சமில்லை. ‘கம்பனி’ விசிறியே நாட்டுக்கு நாடு மாறினதைப் பார்த்தம். தடைக்காலத்தில் ஊர் லேத்துப் பட்டறைகள் கடைந்த துண்டுகள் எத்தனை அதுக்குள் இருக்கு எண்டது மாமாவுக்கே தெரியாது. 1990களில் இங்கிலாந்தின் பாத் நகர மொறிஸ் மைனர் நிலையத்துக்காக, மைனரின் உடற்தகடுகள் இலங்கையில் செய்யப்பட்டன. இங்கிலாந்தில் ‘அசல்’ எண்டு புதுப்பித்து ஓட்டுகிற சில மைனர்களின் மட்காட் இலங்கைக் கைகள் அடித்தது. அசல் எது, நகல் எது எண்ட கோட்டை எங்கே போடுறது?

மச்சானுக்குச் சொல்லுறது, மாற்றுறது பிழை இல்லை. எங்கட சனம் மாற்றி மாற்றித்தான் அந்தக் கார்களைக் காப்பாற்றினது. ஆனால் எதை மாற்றினாலும் திரும்பக் கொண்டுவரக்கூடியதாக மாற்றுவம். தகட்டில் ஓட்டை போடாமல், வயரை வெட்டாமல். கழற்றினதை எறியாமல், என்ன திகதியில் ஏன் கழற்றினது எண்டு ஒரு துண்டில் எழுதிச் சேர்த்து வைப்பம். ஆவணக் காப்பகம் எண்டு நாங்கள் கதைக்கிறது கடதாசிகளைப் பற்றி மட்டும். எங்கட கடதாசிகளில் பெரும்பகுதி எரிஞ்சு போச்சு, இடப்பெயர்வில் கைவிட்டுப் போச்சு. இரும்பு கொஞ்சம் மிஞ்சியிருக்கு. ஒட்டுப்போட்ட ரேடியேற்றர், கபரேற்றரில் ஊரில செய்த இணைப்பு, மாற்றிப் பூட்டின விசிறி, இவையும் ஒரு காலத்தைப் பற்றிய சாட்சிதான். அவற்றைப் பழுது எண்டு சொல்லிக் கழற்றி, புதுக் குரோமியம் பூசி 1954 க்குத் திருப்பி அனுப்பினால், இடையில் இருந்த எழுபது வருடத்தையும் நாங்களே அழிச்சதாகிவிடும்.

உங்கட வீட்டிலையும் இப்படி ஒரு கார் நின்றால், அடுத்த முறை படம் எடுக்கேக்க பொனற்றையும் திறவுங்கோ. அதை ஓட்டினவர் உயிரோட இருந்தால் பக்கத்தில் நிப்பாட்டி, ஒவ்வொரு சாமானையும் தொட்டுக்காட்டி, இது எப்ப வந்தது, ஏன் மாத்தினது எண்டு கேட்டு எழுதி வையுங்கோ. அந்த விபரம் எந்தக் கம்பனிப் பட்டியலிலும் இல்லை. அவர்களிடம் மட்டும்தான் இருக்கு, அதுவும் கொஞ்சக் காலத்துக்கு.